ஸ்தானம் மாறிய நன்மைகள்

விக்கிரகாராதனையை விலக்கும் கட்டளை ஆலயத்தில் வாசிக்கப்படும்போது, அங்கே அமர்ந்திருக்கும் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அதை மிகுந்த நிம்மதியோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொய்ச்சாட்சியைப் பற்றியும் பிறர் பொருளை இச்சிப்பதைப் பற்றியும் கேட்கையில் சற்றேனும் உறுத்துகிற மனச்சாட்சி, இந்த ஒரு கட்டளை வரும்போது மட்டும் உறுத்துவதே இல்லை. பத்துக் கட்டளைகளில் நாம் மீறாதது ஒன்று உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்னும் நிச்சயம் தலைமுறை தலைமுறையாக நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் வேதாகமத்தை ஆதியோடந்தமாக ஊன்றிப் படிக்கிற ஒருவருக்கு, மனிதர் மிகச் சுலபமாக மீறுவதும், மீறுகிறோம் என்று அறியாமலே மீறுவதும் இந்தக் கட்டளையைத்தான் என்பது விளங்காமற் போகாது.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது அவசியம். மற்றச் சமயத்தார் தம் தெய்வத்தை எவ்விதம் வழிபடுகிறார்கள் என்ற விசாரணை அன்று இது. இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் விக்கிரகங்களைக் குறித்துப் பேசிய மிகக் கடுமையான வார்த்தைகளில் பெரும்பகுதி, ஆலயத்துக்குத் தவறாமல் போய்வந்த தம் சொந்த ஜனங்களை நோக்கியே பேசப்பட்டது. ஆசாரியரையும் அரசரையும் மூப்பரையும் முன்னே நிறுத்திக் கேட்கப்பட்ட கேள்வி அது. ஆகவே இந்தக் கட்டளையைக் கையிலெடுக்கிற கிறிஸ்தவன் அதைக் கொண்டு அடுத்த வீட்டை அளக்கத் தொடங்குவானாயின், அதன் முதற்பாடத்தையே தவறவிட்டவன் ஆகிறான். தன் வீட்டுக்குள்ளும் தன் ஜெபத்துக்குள்ளும் அதை எடுத்துச் சென்று பார்ப்பதே அவனுக்கு விதிக்கப்பட்ட வேலை.

பொற்கன்றும் வெண்கலச் சர்ப்பமும்

யாத்திராகமத்தின் 32ஆம் அதிகாரத்தில் வரும் பொற்கன்றின் சரித்திரம் யாவரும் அறிந்தது. மோசே சீனாய் மலையில் 40 நாள் தங்கிவிட, அடிவாரத்தில் காத்திருந்த ஜனங்கள் பொறுமையிழந்து, தங்களுக்கு முன்னே செல்லும்படி ஒரு தெய்வத்தைச் செய்து தருமாறு ஆரோனை நெருக்கினார்கள். அவனும் அவர்களுடைய மனைவிமக்களின் காதணிகளைக் கழற்றி வாங்கி உருக்கி, ஒரு கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்தான். இவ்வளவும் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதன்பின் ஆரோன் செய்த அறிவிப்பைப் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகிறோம். நாளைக்குக் கர்த்தருக்கு விழா என்று அவன் பிரசித்தப்படுத்தினான். எகிப்திலிருந்து அவர்களை மீட்டுக்கொண்டு வந்தவருடைய திருநாமத்திலேயே அந்தக் கன்றுக்கு முன் பலிபீடம் எழுந்தது. கடவுளைத் துறந்துவிட்டோம் என்று அன்று அங்கே கூடியிருந்தவர்கள் எண்ணியதாகத் தோன்றவில்லை. கண்ணுக்குப் புலப்படாதவரும் தம் சித்தப்படி தாமதிப்பவருமான கடவுளுக்காகக் காத்திருப்பது அரிதாக இருந்தமையால், கண்ணுக்குப் புலப்படுவதும் தங்கள் இஷ்டம்போல் தூக்கிச் செல்லத்தக்கதுமான ஒன்றை அவர் பெயராலேயே அமைத்துக்கொண்டார்கள்.

அதைக் காட்டிலும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க செய்தி சில அதிகாரங்களுக்கு அப்பால் வருகிறது. ஆசரிப்புக் கூடாரத்தை அமைப்பதற்கென்று ஆண்களும் பெண்களும் மனமுவந்து கொண்டுவந்த காணிக்கைகளை 35ஆம் அதிகாரம் வரிசைப்படுத்துகையில், அங்கேயும் காதணிகளும் மோதிரங்களும் பொன்னாபரணங்களும் இடம்பெறுகின்றன. இனிப் போதும், கொண்டுவர வேண்டாம் என்று மோசே தடுக்க வேண்டிய அளவுக்கு அவை குவிந்தன. ஒரே ஜனத்தின் ஒரே பொன், கன்றாக நின்றபோது அவர்களைக் கெடுத்தது. கூடாரத்தின் அங்கமாக நின்றபோது அவர்களை வழிபாட்டில் ஒன்று சேர்த்தது. பொன்னின் மீது குற்றமில்லை. அதற்கு அளிக்கப்பட்ட ஸ்தானத்தில் இருந்தது குற்றம்.

வெண்கலச் சர்ப்பத்தின் கதை இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. வனாந்தரத்தில் பாம்புக்கடியால் ஜனங்கள் மடிந்தபோது, கடவுளின் கட்டளைப்படி மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் ஏற்ற, அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்று எண்ணாகமம் கூறுகிறது. நூற்றாண்டுகள் பல கழிந்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி யூதாவை ஆண்ட எசேக்கியா அரசன், தன் ஜனங்கள் அந்தச் சர்ப்பத்துக்குத் தூபம் காட்டி வருவதைக் கண்டு, அதை உடைத்துப் போட்டான். செய்யச் சொன்னவர் கடவுள், செய்தவர் மோசே, அதனால் உயிர் பிழைத்தவர்கள் அந்த ஜனங்களின் முன்னோர். அத்தனை பவித்திரமான பரம்பரை உடைய பொருளும் உடைக்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தது என்றால், கடவுள் கையால் பெற்ற நன்மையே காலப்போக்கில் கடவுளின் ஸ்தானத்துக்கு ஏறிவிடக்கூடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. விக்கிரகம் என்றால் ஏதோ பயங்கரமான தீமை என்று எதிர்பார்த்து வாசலைக் காத்துக்கொண்டிருக்கிறவன் ஏமாந்துபோகிறான். ஏனெனில் விக்கிரகமாவது பெரும்பாலும் ஒரு நன்மை, அதுவும் நாம் ஸ்தோத்திரம் செலுத்திப் பெற்றுக்கொண்ட நன்மை.

உள்ளத்தின் பீடம்

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்தில், எசேக்கியேல் தீர்க்கதரிசியிடம் கடவுளின் வாக்கைக் கேட்பதற்காக இஸ்ரவேலின் மூப்பர் சிலர் வந்து அமர்ந்தார்கள். வந்தவர்கள் பக்திமான்கள், வந்த காரியமும் பக்தியான காரியமே. ஆயினும், இவர்கள் தங்கள் விக்கிரகங்களை உள்ளத்தில் ஸ்தாபித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கடவுள் தீர்க்கதரிசிக்கு உணர்த்தியதாக அந்நூலின் 14ஆம் அதிகாரம் சொல்லுகிறது. கல்லிலும் மரத்திலும் தேட வேண்டியதைத் தாண்டி, கோரிக்கையோடு வந்து அமர்ந்திருக்கிற பக்தனின் உள்ளத்திலேயே தேடவேண்டும் என்னும் நிலைக்கு வேதாகமம் அன்றே வந்துவிட்டது. பின்னர் புதிய ஏற்பாட்டில், கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் பொருளாசையையே விக்கிரகாராதனை என்று கூறியதும், யோவானின் முதலாம் நிருபம் தன் கடைசி வசனமாக விக்கிரகங்களுக்கு விலகியிருக்கும்படி விசுவாசிகளை எச்சரித்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே.

திருச்சபையின் ஆசான்கள் இதை வழிவழியாக விளக்கி வந்திருக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக விளங்கிய அகுஸ்தீன், கடவுளுக்காகக் கடவுளை நேசிப்பதும், மற்றவற்றைக் கடவுளை நோக்கிய யாத்திரையில் உதவியாக அமைத்துக்கொள்வதுமே அன்பின் ஒழுங்கு என்றும், இந்த ஒழுங்கு குலைவதே பாவத்தின் மூலம் என்றும் போதித்தார். 1529இல் மார்ட்டின் லூதர் வெளியிட்ட பெரிய ஞானோபதேசம், முதற்கட்டளையை விளக்குகையில், உன் உள்ளம் எதன்மேல் சார்ந்து நம்பிக்கை வைத்திருக்கிறதோ அதுவே மெய்யாக உன் தெய்வம் என்னும் கருத்தை நிறுவி, உலகத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் விக்கிரகம் பணமே என்றும் கூறுகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், அதிகாரம், இன்பம், இனம், மூதாதையர், அரசு, பணம் ஆகியவற்றைக் கடவுளுக்குரிய இடத்தில் வைத்து மதிப்பதும் இந்தப் பாவத்தில் அடங்கும் என்கிறது. சபைப் பிரிவுகள் பல விஷயங்களில் மாறுபட்டாலும் இந்த ஒன்றில் மாறுபடவில்லை.

பொருளும் பிள்ளையும்

இனி நம் அன்றாட வாழ்வுக்கு வருவோம். செல்வத்தைப் பற்றி இயேசு பேசியபோது, அதை மனிதன் கையிலுள்ள வெறும் கருவியாகக் கருதாமல், கடவுளுக்கு எதிரே நின்று ஊழியம் கேட்கும் எஜமானாகவே சித்திரித்தார். அந்த எஜமானின் குரலைக் கேட்க விரும்புகிறவர் நம்மிடையே நடக்கும் கலியாணப் பேச்சு ஒன்றில் அமர்ந்திருந்தால் போதும். ஜெபத்தோடு தொடங்கி, கர்த்தருடைய சித்தம் என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு, வேதவசனத்தோடு மேலே செல்லும் பேச்சு, எத்தனை பவுன் என்னும் இடத்துக்கு வந்தவுடன் வேறொரு சட்டதிட்டத்துக்கு உட்பட்டுவிடுகிறது. வரதட்சணையை விலக்கும் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. வரதட்சணை வாங்கலாகாது என்று பிரசங்கபீடத்திலிருந்தும் சொல்லப்படுகிறது. ஆயினும் அரசின் கட்டளையும் ஆலயத்தின் உபதேசமும் ஒருமித்து நின்றும் அசைக்க முடியாத ஒரு வழக்கம் ஒரு வீட்டில் நிலைபெற்றிருக்குமானால், அந்த வீட்டாரின் உள்ளத்தில் இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நாம் நேர்மையோடு கேட்டாக வேண்டும்.

பணத்தைப் பற்றிய எச்சரிக்கையையாவது நாம் அடிக்கடி கேட்கிறோம். பிள்ளைகளைப் பற்றி அவ்வாறு எச்சரிப்பார் இல்லை. ஏனெனில் பிள்ளைப்பாசத்தைவிட நிர்மலமான அன்பு உலகத்தில் இல்லை என்று எண்ணுகிறோம். ஆனால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும், வெளிநாட்டில் வேலை கிடைக்க வேண்டும் என்னும் விருப்பம், பிள்ளையின் நலத்தைக் கடந்து, பெற்றோரின் கௌரவத்தைக் காக்கும் ஏற்பாடாக மாறிவிடும் தருணம் ஒன்று உண்டு. அந்தத் தருணத்துக்குப் பின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தனிப்பயிற்சி வகுப்புக்கு இடம் விடுகிறது. குடும்ப ஜெபம் தேர்வு முடியும்வரை ஒத்திவைக்கப்படுகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளை, தான் நேசிக்கப்படுவது தன் மதிப்பெண்ணுக்காகவே என்ற முடிவுக்கு மௌனமாக வந்துவிடுகிறது. எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைப் பலியிட்டவர்களை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்த பகுதியை நாம் நடுக்கத்தோடு வாசிக்கிறோம். விக்கிரகம் எந்தக் காலத்திலும் பலி கேட்கும் என்பதும், அந்தப் பலி நமக்கு மிகவும் அருமையானவர்களிடமிருந்தே வசூலிக்கப்படும் என்பதும் அந்தப் பள்ளத்தாக்கு சொல்லும் பாடம். தேர்வு முடிவுக்கு அஞ்சி உயிரை விடத் துணியும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் தேசத்தில், இந்தப் பாடத்தைப் பழங்கதை என்று ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை.

ஜாதி என்னும் பீடம்

தமிழ்க் கிறிஸ்தவரின் வாழ்வில் மிகப் பழமையானதும், தன் பெயரை மறைத்துக்கொள்ளும் அவசியமே இல்லாமல் பகிரங்கமாக நிற்பதுமான விக்கிரகம் ஜாதியே. 1833இல் கல்கத்தாப் பேராயராக இருந்த டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் ஜாதி வித்தியாசம் தாமதமின்றி முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டு எழுதினார். அதன் விளைவாகத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகிச் சென்றார்கள். ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் இழக்கச் சம்மதித்தவர்கள், பந்தியிலும் பீடத்தண்டையிலும் தமக்கிருந்த முந்துரிமையை இழக்கச் சம்மதிக்கவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் வரும்போதுதான் ஒருவனுடைய தெய்வம் எது என்பது வெளியாகிறது.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் இதற்கு மற்றுமொரு சரித்திர சாட்சி. 1872இல் எழுந்த அந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள் வந்து சேரும்படி, ஜாதிக்கொரு கூடமாகக் கட்டப்பட்டது. 1910இல் அந்தக் கூடங்களைப் பிரித்த தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது, உரிமை பறிபோயிற்று என்று கருதியவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் அவர்கள் கோரிய ஜாதியுரிமை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கற்சுவரை இடிக்க ஒரு குருவாலும் முடிந்தது; உள்ளத்தின் சுவரோ அத்தனை எளிதில் இடியவில்லை. ஜாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற மணமகன் தேவை என்று தொடங்கும் விளம்பரம், இன்ன ஜாதி, இன்ன உட்பிரிவு என்று முடிகிறது. தென்மாவட்டச் சபைகளில் பண்டிகை தோறும் நடக்கும் அசனத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்டவர்கள், பந்தி முடிந்து எழுந்து சம்பந்தம் பேசத் தொடங்கும்போது வெவ்வேறு தெய்வங்களின் பிரஜைகளாகிவிடுகிறார்கள்.

இனப்பெருமை எந்த எல்லைவரை செல்லும் என்பதை ஐரோப்பாவும் கண்டது. நாஜி ஆட்சியின்போது ஜெர்மன் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியார் இனத்தையும் தேசத்தையும் தலைவனையும் சுவிசேஷத்தோடு சேர்த்து உபதேசிக்கத் துணிந்தார்கள். அதை எதிர்த்து 1934 மே மாதத்தில் பார்மென் நகரில் கூடியவர்கள், கார்ல் பார்த் பெரும்பாலும் வரைந்த பிரகடனத்தின் மூலம், கிறிஸ்துவுக்கு வெளியே வேறு எஜமானர்களுக்கு உரியதென்று வாழ்க்கையின் எந்தப் பகுதியும் இல்லை என்று அறிக்கையிட்டார்கள். கலியாணமும் கல்லறையும் அந்த வாழ்க்கையின் பகுதிகளே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஜெபத்துக்குள் நிற்கும் விக்கிரகம்

எல்லாவற்றிலும் நுட்பமானது இனிச் சொல்லப்போவது. சாமுவேலின் முதலாம் புத்தகத்தில், பெலிஸ்தரோடு நடந்த யுத்தத்தில் தோற்ற இஸ்ரவேலர், உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குக் கொண்டுவந்தால் ஜயம் நிச்சயம் என்று நம்பி, ஆரவாரத்தோடு அதைச் சுமந்து வந்தார்கள். முடிவில் யுத்தத்தையும் இழந்தார்கள், பெட்டியையும் இழந்தார்கள். அவர்கள் நாடியது கடவுளையன்று, கடவுளால் கிடைக்கும் வெற்றியை. அந்த வெற்றியே தெய்வமாகி, கடவுள் அதற்குப் பணிவிடை செய்பவராக ஆக்கப்பட்டுவிட்டார்.

வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது நம் கை எதை நாடுகிறது? வேதவசனத்தைத் தியானித்து அதன்படி நடக்க விரும்பி எடுக்கிறோமா, அல்லது வரும் ஆண்டில் நன்மை உண்டா என்று குறி கேட்பதைப்போல் எடுக்கிறோமா? ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர் பெரும்பாலும் வேலை கிடைத்தவர், வீடு கட்டியவர், நோய் நீங்கியவர். வேலை கிடைக்காமலும் விசுவாசத்தில் நிலைத்திருக்கிறவருக்கும், நோயிலேயே மரித்த தாயைச் சமாதானத்தோடு வழியனுப்பியவருக்கும் அங்கே எழுந்து நிற்க இடமிருக்கிறதா? விசுவாசம் மிகுந்தால் செல்வமும் சுகமும் தவறாமல் வந்தே தீரும் என்னும் செழிப்பின் உபதேசம் நம் சபைகளில் பரவுவதற்கு, அதைப் போதிப்பவர்கள் மட்டும் காரணமல்லர். கடவுளைவிடக் கடவுளின் கொடைகளை அதிகமாக நேசிக்கும் சுபாவம் நம் எல்லாரிடத்திலும் ஏற்கெனவே இருப்பதே அதற்குப் பெருங்காரணம். பொருளுக்காக ஜெபிப்பது பாவம் என்று கூற வரவில்லை. அன்றாட அப்பத்துக்காக ஜெபிக்கச் சொன்னவரே இயேசுதாம். கேட்டது மறுக்கப்பட்டபோது நம் அன்பும் உடன் மறைந்துபோகுமாயின், அதுகாறும் நாம் ஆராதித்தது யாரை என்பதே கேள்வி.

ஊழியமும் இவ்வாறே ஆகக்கூடும். சபைக்காக இரவும் பகலும் உழைக்கிற ஒருவர், அந்தச் சபையில் தமக்குள்ள பதவியைக் காப்பதற்காகத் திருமண்டலத் தேர்தலில் பொய்யையும் பணத்தையும் கையாளத் துணிந்தால், அவர் உழைப்பது சபையின் தலைவருக்காக என்று யார் சொல்ல முடியும்? ஒரு போதகரின் வார்த்தையைச் சோதித்துப் பார்ப்பதே பாவம் என்று விசுவாசிகள் எண்ணத் தொடங்கினால், அவரையும் தங்களையும் ஒருங்கே ஆபத்தில் தள்ளுகிறார்கள். எசேக்கியா உடைத்ததும் பவித்திரமான பொருளையே.

அறிவதும் அகற்றுவதும்

ஆனால் நன்மை எந்த இடத்தில் எல்லை கடந்தது என்பதை எப்படி அறிவது? வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது. ஒரே அளவு நிலமுடைய இருவரில் ஒருவர் அதற்கு எஜமானராகவும் மற்றவர் அதற்கு அடிமையாகவும் இருக்கலாம். ஆகையால் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே தனிமையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். எதை இழந்தால் வாழ்வே அர்த்தமற்றதாகிவிடும் என்று அஞ்சுகிறேன்? எதைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பொய் சொல்லவும் தயங்கமாட்டேன்? எதைப் பற்றி ஒருவர் நியாயமாகக் குறை கூறினாலும் என் கோபம் அளவு கடந்துவிடுகிறது? எதற்காக என் வீட்டாரின் நிம்மதியைப் பலியிட்டுக்கொண்டிருக்கிறேன்? இக்கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடை வருமானால், பீடத்தில் இருப்பது எதுவென்று தெரிந்துவிட்டது. தபசுகாலத்தின் 40 நாட்கள் இவ்விசாரணைக்கு உகந்தவை. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் அதற்கென்றே வாய்த்த ஏற்பாடு. மற்றவர்களும் நம்பத்தக்க விசுவாசி ஒருவரிடம் மனம் திறந்து பேசலாம். நம் விக்கிரகத்தை நம்மைவிடத் தெளிவாக நம் வீட்டார் அறிந்திருப்பார்கள் என்பதால், அவர்களைக் கேட்கும் துணிவும் வேண்டும்.

அறிந்தபின் அகற்றுவது எவ்வாறு? வெறும் சங்கற்பத்தினால் ஆகாது. பழைய பற்று ஒன்றை வெறுமனே துரத்த முடியாது, புதிய பற்று ஒன்று வந்து அதன் இடத்தைக் கொள்ளும்போதே அது விலகும் என்று ஸ்காட்லாந்து தேசத்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் போதித்தார். கொழுகொம்பை விட்டுப் பிரித்தெடுத்த கொடிக்கு வேறு கொம்பு காட்டாவிட்டால், அது அருகிலிருக்கும் முள்ளிலேயே மீண்டும் படர்வதைப்போல, மனிதனின் உள்ளமும் பற்றற்று வெறுமையாக நிற்கும் சக்தி உடையதன்று. ஆகவே கோரிக்கையின்றிக் கடவுளின் சமூகத்தில் அமர்ந்திருக்கும் பழக்கம் முதலில் வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம், எதையும் கேளாமல், அவருடைய குணங்களை மட்டும் தியானித்து ஸ்தோத்திரம் செலுத்துகிறவன், கொடையிலிருந்து கொடையாளியினிடம் தன் அன்பைச் சிறுகச் சிறுகத் திருப்பிக்கொள்கிறான்.

அதனோடு, கைவிடும் பயிற்சியும் வேண்டும். ஓய்வுநாள் என்னும் ஏற்பாட்டின் ஆழ்ந்த பொருள் இதுவே: வாரத்தில் ஒரு நாள் சம்பாத்தியத்தையும் போட்டியையும் நிறுத்திவைத்து, நம் உழைப்பு நின்றாலும் உலகத்தைக் கடவுள் நடத்துகிறார் என்று செயலால் அறிக்கையிடுகிறோம். செல்பேசியையும் அன்று சில மணிநேரமேனும் ஒதுக்கிவைக்கிறவர், தம் கவனம் இதுவரை யாருக்குக் காணிக்கையாகிக்கொண்டிருந்தது என்பதை உடனே உணர்வார். உபவாசம் பசியின் அதிகாரத்தைக் குறைக்கிறது. இரகசியமான தானம் பணத்தின் அதிகாரத்தையும் புகழின் அதிகாரத்தையும் ஒருங்கே குறைக்கிறது. மெதடிஸ்டு இயக்கத்தின் முதல்வரான ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த ஆதி மெதடிஸ்டு ஒருவரைப் பற்றி ஒரு பிரசங்கத்தில் கூறியிருக்கிறார். அது வெஸ்லியே என்பது பலருடைய கருத்து. அவருக்கு 30 பவுண்டு வருமானம் வந்த ஆண்டில் 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைத் தானம் செய்தார். வருமானம் 60 ஆனபோதும், 90 ஆனபோதும், 120 ஆனபோதும் அதே 28 பவுண்டில் வாழ்ந்து எஞ்சியதைத் தானம் செய்தார். வருமானம் பெருகும்போது தேவையும் பெருகியே தீரும் என்பது இயற்கை விதியன்று என்பதற்கு அவர் வாழ்வே உதாரணம். நம் நாட்டிலும், ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்துவைத்த ஏழைத் தாய்மார்கள், வறுமையிலும் பொருளுக்கு அடிமையாகாமல் வாழ முடியும் என்று பல சபைகளில் காட்டியிருக்கிறார்கள்.

ஜாதி என்னும் விக்கிரகத்துக்கோ தனிப்பட்ட தியானம் போதாது. அது கூட்டாக எழுப்பப்பட்டது, கூட்டாகவே இறக்கப்பட வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் பிரிவினையை நீக்கச் சபை தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகளின் விவாகத்தில் ஜாதியைக் கேளாத பெற்றோரை உறவினர் ஒதுக்கும்போது, சபையார் அவர்களுக்கு உறவாக நிற்க வேண்டும். சீதனம் கேட்ட வீட்டு விருந்துக்குப் போதகரும் மூப்பரும் செல்லாதிருக்கும் துணிவு கொள்ள வேண்டும். சிலர் மனம் புண்படும், சிலர் விலகியும் செல்வார்கள். அந்த இழப்புக்கு அஞ்சி மௌனமாயிருக்கும் சபை, தன் ஜனத்தொகையையும் காணிக்கையையும் கடவுளுக்கு மேலாக வைத்துவிட்டது என்பதை உணர வேண்டும்.

இவ்வளவும் கேட்கும்போது, கிறிஸ்தவ வாழ்வு என்பது பிரியமானவற்றையெல்லாம் துறந்து வறண்டுபோவதோ என்ற ஐயம் வாசகருக்கு எழலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. கடவுளின் ஸ்தானத்தில் ஏற்றப்பட்ட எந்த நன்மையும் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் நொறுங்குகிறது. தன் பெற்றோருக்கு வாழ்வின் அர்த்தத்தை வழங்கும் கடமை பிள்ளையின் தலையில் வைக்கப்படும்போது பிள்ளையும் நொறுங்குகிறது, பெற்றோரும் நொறுங்குகிறார்கள். பிள்ளையைப் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்கிற தாய் அதன் தோல்வியிலும் அதை அணைத்துக்கொள்ள முடியும். வேலையை வேலையாகவே கருதுகிறவன் அதை நேர்மையோடு செய்யவும், தேவையானபோது அதை விட்டு எழுந்து வரவும் முடியும். தன் குலப்பெயரில் தன் மதிப்பைத் தேடாதவன் எந்தப் பந்தியிலும் சகோதரனாக அமர முடியும். கடவுளிடம் மட்டுமே கேட்கத்தக்கதை வேறெவரிடத்தும் எதனிடத்தும் கேளாதவர்கள்தாம், மற்றெல்லாவற்றையும் அச்சமின்றி அனுபவிக்கவும் மனமுவந்து பகிர்ந்துகொள்ளவும் வல்லவர்கள். விக்கிரகத்துக்கு விலகியிருக்கும்படி கட்டளையிட்டவர் நம்மிடமிருந்து எதையும் பறித்துக்கொள்ள விரும்பி அதைச் சொல்லவில்லை. தாம் கொடுத்தவற்றை நாம் சரியாக நேசிக்க வேண்டும் என்று விரும்பியே சொன்னார்.